பதினொன்று ஆறா, நான்கு முப்பத்தாறா?

முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்த ஜெயபால் இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் போன் செய்தான்.

"சார், எங்க ஆபீஸ்ல அஞ்சரை மணி நேரத்தைக் காணோம்னு காலையிலேர்ந்து ஒரே சண்டை. கடைசியில பாத்தா கிரீன்விச் நேரம். உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அந்தக் கோர்ட்டு கதையை எழுதிக் குடுங்க சார், எங்க பசங்களுக்குக் காட்டணும்."

கதை என்று அவன் சொன்னது எனக்கு உறுத்தியது. நான் எழுதிய நாற்பது வரி புரோகிராமால் ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார். அதைக் கதையாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். தினமும் காலை ஏழே காலுக்குப் பஸ். கம்ப்யூட்டர் பிரிவில் அப்போது ஒரே ஒரு இயந்திரம். அதற்கு நேரம் தெரியாது. காலையில் போட்டவுடன் இன்று என்ன தேதி, மணி என்ன என்று நம்மைக் கேட்கும். சோம்பல்பட்டு வெறும் பட்டனைத் தட்டிவிட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். அது அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முதலில் கேட்கும் என்பது எனக்கு ஆரம்பத்தில் பிடிபடவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி 5-6 என்று அடித்தேன். அன்றைய வருகைப் பதிவு முழுவதும் மே ஆறாம் தேதிக் கணக்கில் போய் உட்கார்ந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மேனேஜர் ராமசுப்பு சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு பென்சில் இருக்கும். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் அச்செடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அதே கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரு சின்னக் கோடு. தப்பாக இருந்தால் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். நாமே தப்பைக் கண்டுபிடித்து எழுந்து போகும்வரை திரும்ப மாட்டார். அந்தப் பிரிவிலிருந்து வெளியே போகும் தாள் எதுவானாலும் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதி வைத்தவரும் அவர்தான். எடுத்தவர், சரிபார்த்தவர்.

ஐந்து வருஷம் கழித்து, பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கக்கூடிய யூனிக்ஸ் இயந்திரம் வந்தது. ஆறு இடங்களில் திரையும் விசைப்பலகையும். அவற்றில் ஒன்று நூலின் தரம் பார்க்கும் லேபில். அந்த இயந்திரம் ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைக்கும். ஆனால் தேதியாக வைக்காது, ஒரு எண்ணாக வைக்கும். 1970 ஜனவரி முதல் தேதி பிறந்தபோது இங்கிலாந்தின் கிரீன்விச்சில் நள்ளிரவு மணி பன்னிரண்டு. அந்தக் கணத்திலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்பதுதான் அந்த எண். அந்த வருஷங்களில் அது ஒன்பது இலக்கம். மனிதர்களுக்குப் புரிய வேண்டுமானால் அதைப் பிரித்து வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம் என்று தனித்தனி அறைகளில் நிரப்ப வேண்டும். அதிலும் சூட்சுமம் உண்டு. மாதத்துக்கான அறை பூஜ்யத்தில் தொடங்கும். ஜனவரி என்றால் பூஜ்யம், டிசம்பர் என்றால் பதினொன்று. இதையெல்லாம் நான் கரைத்துக் குடித்திருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

லேபில் தங்கபுஷ்பம் என்றொரு பெண் உதவியாளராக இருந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர், அப்போது இருபத்தேழு வயதிருக்கும். காலை ஏழு முதல் மூன்று வரை அவருடைய ஷிப்ட். நூலை இழுத்து எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று பார்த்து, முதலில் நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரே தொகுதியாக ஓடும் நூலுக்கு லாட் என்று பெயர், ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கோப்பு. லாட் முடிந்தால் கோப்பும் முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் தொட வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குப் போன ஒரு லாட்டு நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஏழு மாதம் கழித்துப் புகார் வந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். தங்கபுஷ்பத்தின் கையெழுத்தில் நூல் பலவீனம் என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரிலோ நல்ல நூல் என்று இருந்தது. யாரோ எண்களை மாற்றியிருக்கிறார்கள். அந்த நூலை ஓட்டிய ஷிப்டின் மேஸ்திரி தங்கபுஷ்பத்தின் அண்ணன். அண்ணனைக் காப்பாற்றத் தங்கை மாற்றிவிட்டாள் என்று பேச்சு கிளம்ப அது போதுமாக இருந்தது.

அன்று காலை ஜெனரல் மேனேஜர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "அந்தப் பைலை எப்ப மாத்தியிருக்காங்கன்னு எனக்கு மத்தியானத்துக்குள்ள பேப்பர்ல வேணும்."

சாதாரணமாக ஒரு கட்டளை கொடுத்தால் இயந்திரமே கோப்பின் தேதியையும் மணியையும் காட்டும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் பழைய கோப்பு என்றால் மணிக்குப் பதிலாக வருஷத்தைத்தான் காட்டும். எங்களுக்கு வேண்டியது மணி. அதனால் அந்த ஒன்பது இலக்க எண்ணை நேராக எடுத்துப் பிரிக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பிரித்துக் கொடுக்க அந்த மொழியிலேயே இரண்டு வழிகள் உண்டு. கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஒன்று நம் ஊர் நேரத்தில் பிரிக்கும், மற்றது கிரீன்விச் நேரத்தில் பிரிக்கும். நான் இரண்டாவதை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அவசரத்தில் கண்ணில் பட்டதை எடுத்தேன். தேதி சரியாக வந்தது, மாதம் சரியாக வந்தது, மணியைச் சோதிக்கத் தோன்றவில்லை.

காலை 11.06 என்று அச்சாகி வந்தது. தங்கபுஷ்பத்தின் ஷிப்டுக்கு நடு நேரம்.

எடுத்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஜெனரல் மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராமசுப்பு சார் தாளைத் திருப்பவில்லை. சிவப்பு பென்சிலை எடுக்கவில்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உள் விசாரணை என்று ஒன்று நடந்தது. உன் ஷிப்டில்தான் மாற்றப்பட்டிருக்கிறது என்று மட்டும் தங்கபுஷ்பத்திடம் சொன்னார்கள், தாளைக் காட்டவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதோடு விடாமல் போலீஸில் புகாரும் கொடுத்தார்கள். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகளில் நான் ஒருவன். என் தாளை நானே அடையாளம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

சாட்சி சொல்ல நாலு நாள் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். தங்கபுஷ்பம் என் எதிரில் வந்து நின்றார். பாதி உடம்பு கரைந்த மாதிரி இருந்தார்.

"அண்ணே, செத்த நேரம் நில்லுங்க. ஒன்னே ஒன்னு கேக்கணும்."

"கேஸ் நடக்கும்போது நாம பேசக்கூடாதும்மா" என்றேன்.

"தெரியும்ணே. வக்கீல் நேத்துத்தான் இந்தப் பேப்பரக் காட்டுனாக." கையில் என் தாளின் நகல் இருந்தது. "பதினொன்னு ஆறுன்னு போட்டிருக்கீக. அன்னைக்கு மாசாந்திரக் கரண்டு கட்டுண்ணே. ஜெனரேட்டர ஸ்பின்னிங்குக்கு மட்டுந்தான் விட்டாக. மத்தியானம் வரைக்கும் லேபுல காத்தாடி கூட ஓடல, அட்டையால விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன். கரண்டே இல்லாம கம்ப்யூட்டர்ல எப்படிண்ணே மாத்துவேன்?"

நான் நகலில் இருந்த மணியைப் பார்த்தேன்.

"நான் மாத்துனேன்னே வச்சிக்கிடுங்க. எப்படி மாத்துனேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் சுந்தரபாண்டியம் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனவுடன் கம்ப்யூட்டர் அறைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். இயந்திரத்தை நிறுத்தும்போதும் போடும்போதும் அதில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதியில் 9.50-க்கு நிறுத்தம், 2.20-க்குத் தொடக்கம். கையெழுத்து என்னுடையது.

புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கினேன். சுவர்க் கடிகாரத்தில் காலை 9.25. என் புரோகிராமை அந்தக் கோப்பின்மேல் ஓட்டினேன். 3.55 என்று வந்தது. ஐந்தரை மணி நேரம் குறைவு. அப்படியானால் லேப் கோப்பு மாற்றப்பட்டது காலை 11.06-க்கு அல்ல, மாலை 4.36-க்கு. தங்கபுஷ்பம் மூன்று மணி நாலு நிமிஷத்துக்கு வெளியே போனதாக அவருடைய வருகை அட்டையில் அச்சாகியிருந்தது.

ராமசுப்பு சாரிடம் போனேன். அச்செடுத்த தாள், பதிவேடு, வருகை அட்டை மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். இந்த முறை அவர் தாளைத் திருப்பினார். ஒன்பது இலக்க எண்ணை எழுதி, ஒரு நாளுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி என்று வகுக்க ஆரம்பித்தார். ஈவு, நாள்கள். மீதி, 39960. அதை மணிக்கு 3600 என்று வகுத்தார். பதினொரு மணி, ஆறு நிமிஷம். பிறகு மீதியோடு 19800-ஐக் கூட்டினார், ஐந்தரை மணி நேரத்தின் நொடிகள். 59760. மறுபடியும் வகுத்தார். பதினாறு மணி, முப்பத்தாறு நிமிஷம். இரண்டாவது தடவை முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட்டார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் கையெழுத்துத்தான் போட்டேன்" என்றார். "சரிபாக்கல."

"சார், நான் கோர்ட்ல சொல்லிடப் போறேன்."

"மில்லு போட்ட கேஸ்யா. மில்லு ஆளா போய் நின்னு தப்புன்னு சொன்னா உன்ன என்ன செய்வாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"கல்யாணம் ஆகி எத்தனை மாசம் ஆகுது?"

"அஞ்சு."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். விஷயம் அவருக்கு எப்படிப் போனது என்று தெரியாது. "உன் வேலை பேப்பரை அடையாளம் காட்டுறது. அது உன் பேப்பர்தானே? ஆமான்னு சொல்லிட்டு இறங்கி வா. பொய் சொல்லச் சொல்லல" என்றார். பதிவேட்டையும் என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அது என் தாள்தான். ஆமாம் என்றால் உண்மைதான். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்தப் புள்ள செய்யலன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுதா?" தெரியுது என்றேன். "பொறவு என்னத்துக்கு எங்கிட்டக் கேக்கீக?" என்றாள்.

கோர்ட் கூண்டில் ஏறினேன். தாளைக் காட்டினார்கள். "இது நீங்கள் எடுத்ததா?"

"நான் எடுத்ததுதான். ஆனா அதுல இருக்கிற மணி தப்பு" என்றேன்.

அரசு வக்கீல் என்னை முறைத்தார். மாஜிஸ்திரேட் வயதானவர். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அன்னைக்கு ஒரு மணி, இன்னைக்கு ஒரு மணியா? மெஷின் மாத்திச் சொல்லுதா, நீர் மாத்திச் சொல்றீரா?"

"மெஷின் மாத்தலைங்க ஐயா. அது வச்சிருக்கிற எண் அன்னைக்கும் இன்னைக்கும் ஒன்னுதான். நான் படிச்சது தப்பு. அது லண்டன் பக்கத்து மணி. அங்க பதினொன்னு ஆறுன்னா நமக்குச் சாயங்காலம் நாலு முப்பத்தாறு."

"எழுதிக் காட்டும்."

ஒரு தாள் கொடுத்தார்கள். நின்றபடியே வகுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் நிறுத்தி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஐந்தரை ஏன் என்று கேட்டார். கிழக்கே போகப் போக விடியல் முந்தி வரும், நம் ஊர்க் கடிகாரம் அவர்களுடையதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது என்றேன். அவர் தலையைத் திருப்பிக் கோர்ட் சுவர்க் கடிகாரத்தைச் சற்று நேரம் பார்த்தார். அன்று காலை பதினொரு மணிக்குக் கரண்ட் இல்லை, இயந்திரமே ஓடவில்லை என்பதையும் சொன்னேன்.

அரசு வக்கீல் எழுந்தார். "சாட்சி அந்தப் பெண்ணுக்குச் சாதகமா மாறிட்டார். கரண்ட் இல்லைங்கிறதுக்கு இவர் வாய்மொழி தவிர என்ன ஆதாரம்?"

என்னிடம் ஆதாரம் இல்லை. அது ஜெனரல் மேனேஜரின் அலமாரியில் இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ராமசுப்பு சார் எழுந்தார். அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. மஞ்சள் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ஐயா, இது என் பிரிவுப் பதிவேடு, என் பொறுப்புல இருக்க வேண்டியது, எடுத்துட்டு வந்துட்டேன். அந்தத் தாளைச் சரிபார்த்ததாக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். நான் சரிபார்க்கலைங்க ஐயா."

மாஜிஸ்திரேட் அவரை முறைப்படி சாட்சியாக அழைக்க வேறொரு தேதி கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தங்கபுஷ்பம் விடுதலை. மில் அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. எண்களை மாற்றியது யார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அந்த லாட்டை ஏற்றிய லாரி, எண்கள் மாற்றப்பட்ட அதே நாள் மாலை ஐந்தரைக்குத் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. சரக்கு அனுப்பும் அதிகாரி ஒருவர் சில மாதங்களில் தானாக வேலையை விட்டுப் போனார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அந்த எண் எப்போது என்று சொல்லும், யார் என்று சொல்லாது. ஒரு தடவை அதில் இல்லாததைப் படித்துவிட்டுப் பட்டது போதும் என்றிருந்தேன்.

என்னைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். பதினொரு மாதம் பஞ்சுப் பொதி எண்ணினேன். ராமசுப்பு சார் கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்குப் போய்விட்டார். போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினார். பிறகு புது மேனேஜர் வந்து என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பக் கூப்பிட்டதும், அதற்குப் பிறகு பல வருஷம் அங்கேயே வேலை பார்த்ததும் வேறு விஷயம்.

ஆனால் ஜெயபாலுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தீர்ப்பு அன்று கோர்ட் வாசலில் தங்கபுஷ்பத்திடம் போய், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேசு முடிஞ்சிருச்சுண்ணே. எங்க அய்யா எனக்காகப் போலீஸ் வாசல்ல நின்னது முடியலியே. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, அவுக வீட்ட விட்டு எங்கயும் போறதில்ல. வயலுக்குக் கூட விடியுமுன்ன போயிட்டு வந்துருவாக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. தங்கபுஷ்பத்தின் அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பருத்தி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"அய்யா, உங்க மக மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. மணியத் தப்பாப் படிச்சு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

சுளகைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"அத எங்கிட்ட ஏன் சொல்றீக? எம் மவ செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தா, முக்குல டீக்கடை இருக்கு. ஊரே அங்கதான் உக்காந்திருக்கு. அங்க போயிச் சொல்லுங்க."

முக்கு நூறு அடி தூரம்கூட இருக்காது. நடந்து போனேன். கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் ராஜபாளையம் மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் என்றேன். தங்கபுஷ்பம் கேஸில் மணி எழுதிக் கொடுத்தவன் நான் என்றேன். கிரீன்விச், நொடி, வகுத்தல் எல்லாம் வாய்வரை வந்தன. எதையும் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போன பொறவு யாரோ மாத்தியிருக்காங்க. அது இருக்கும்போது மாத்துனதா நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். "அப்ப அந்தப் புள்ள செய்யலங்கீக?"

"செய்யல."

"இம்புட்டுப் படிச்சிட்டு இத எழுதுமுன்ன செத்த யோசிச்சிருக்கலாம்ல?"

"யோசிச்சிருக்கணும்" என்றேன்.

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். தங்கபுஷ்பத்தின் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

"ஒரு டீ போடுப்பா" என்றார்.